வலையைத் தாண்டிய செருப்பு

நமீபியாவின் பாலைவனத்தில் சில கற்குவியல்களைக் கடந்து போகிறவர்கள், தாங்களும் ஒரு கல் வைத்துவிட்டுத்தான் போவார்களாம். திருகோணமலை நகரின் ஓர்ஸ் ஹில் வீட்டில் இருந்தபடியே அந்த மரியாதையைப் பற்றி என் ஆய்வில் ஓர் அத்தியாயம் எழுதியவன் நான். அந்த நாட்டு ஆய்வாளர் ஒருவர் திருகோணமலைக்கு வந்தபோது, சல்லி மீனவக் கிராமத்துக் கடற்கரையைக் காட்டக் கூட்டிப்போனேன். மணலில் வலை விரித்துக் கிடந்தது. பேச்சு மும்முரத்தில் செருப்போடு அதைத் தாண்டிவிட்டேன்.

“நில்லுங்கோ!”

வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவர் பாய்ந்து எழும்பினார். நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்தார்கள்.

“செருப்போட தாண்டிப்போட்டீங்களே! இனி இதோட எப்பிடிக் கடலுக்குப் போறது? எந்த ஊர் நீங்கள்?”

“ஓர்ஸ் ஹில்.”

“அவர்?”

“ஆபிரிக்கா.”

விருந்தாளி சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு வலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“அந்த மனுசனுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?”

விருந்தாளியிடம் கேட்டேன். படகடியில் எல்லாருடைய செருப்பும் கழற்றிக் கிடந்ததைப் பார்த்தாராம்.

தீட்டுக் கழிக்க மஞ்சள் தண்ணீர் தந்தார்கள். வாங்கி வலைமேல் தெளித்தேன்.

அந்தச் செருப்புகளுக்கு நடுவால்தான் நானும் நடந்து வந்திருந்தேன், அவருடைய நாட்டுக் கற்குவியல்களைப் பற்றி அவருக்கே விளக்கிக்கொண்டு.