ஓட்டுக் கம்பெனி முற்றம்

நேற்றைய மழையில் பூந்தொட்டி நனைந்தபோது எழுந்த சுட்ட மண் வாசனை, என்னைச் சித்தூருக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஓட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. ஐம்பதுகளில், முதலாளி சூளையை அணைத்துவிட்டுப் போன பிறகும், ஓடு சுமந்த ஒன்பது குடும்பங்கள் அங்கேயேதான் இருந்தோம். ஓட்டுத் துண்டுகள் காலடியில் நொறுங்கும் முற்றத்தில் அம்மாவும் மற்றப் பெண்களும் நெல் அவித்துக் காயப்போடுவார்கள், மண் எடுத்த குழியில் தேங்கிய தண்ணீரில் நாங்கள் குளிப்போம், ஆறிப்போன சூளைக்குள் நின்று பாடம் படித்தால் என் குரலே சுற்றிச் சுற்றி என்னிடம் வரும்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு கட்ட இடம் அளக்க வந்த அதிகாரி, கொதிக்கிற நெல் அண்டாவைச் சுற்றிச் அளவுச் சங்கிலி இழுத்துவிட்டு, "காலியிடம்" என்று எழுதிக்கொண்டார்.

"ஏனுங்க, காலியா? அப்ப நாங்கெல்லாம் ஆருங்க?" என்றாள் அம்மா.

"ரிக்கார்டுல ஆளே இல்லையே" என்றார் அவர், தலை நிமிராமல்.

மாற்று இடம்கூடத் தராமல் வீடுகளை இடித்தார்கள். அதே இடத்தில் எழுந்த பஸ் ஸ்டாண்டுக் கட்டடத்துக்கே அம்மா சுண்ணாம்புச் சாந்து சுமந்தாள். விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணானது. திறப்பு விழாவன்று, கட்டியவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். அம்மா என் கையைப் பிடித்தபடி கயிற்றைத் தூக்கிவிட்டு நேரே உள்ளே போய், புதுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

காவலாள் ஓடிவந்தான். "எந்திரிம்மா! எங்க போகோணும் நீ?"

"எங்கயும் போகலீங்க," என்றாள் அம்மா. "எங்க ஊடு இதானுங்க."