சூ என்றால் தொடாதே

இஸ்திரிக்காரரின் மகள் முதலில் கற்ற சொல் ‘சூ’. கொதிக்கும் பெட்டியைக் காட்டி அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பிறகு கத்தரிக்கோல், பிளேடு, கொல்லைத் தண்ணீர்த் தொட்டி என்று தொடக்கூடாத எல்லாமே அந்த வீட்டில் சூ ஆகிவிட்டன.

ஒருநாள் பிள்ளை தொட்டியில் விரலை நனைத்தாள். “சூ இல்லப்பா, ஜில்லுனு இருக்கு!”

அதட்டியிருக்க வேண்டிய மனுஷன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துத் தொலைத்தார். மறுநாளே தொட்டி அவளை வாங்கிக்கொண்டது.

தொட்டியை இடித்தாயிற்று. அந்தச் சொல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

இன்று பீரோவின் அடித்தட்டில் அவளுடைய பச்சைக் கவுன் அகப்பட்டது. கசங்கிய துணியைக் கண்டால் சும்மா இருக்காத கை அவருக்கு. மேசையில் விரித்து, தெளிப்பதற்காகத் தண்ணீரில் விரலை நனைத்தார்.

பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

“சூ... வச்சிருங்க. அவ வாசனை போயிடும்.”