அகல எறிந்த கை

மங்கையற்கரசி என் சின்னண்ணனின் மனைவி, எனக்கு மச்சாள். விடத்தல்தீவில் ஆங்கிலம் படிப்பித்தவள். எழுபத்தி நாலாம் ஆண்டு சின்னண்ணன் காலமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, பெரியண்ணன் கதிர்காமு அவளுடைய வயலில் கண் வைத்துவிட்டார்.

"இந்த மாரிக்குக் காலபோகம் நீ விதைச்சுக் காட்டு பிள்ளை. ஏலாட்டி வயலை என்னட்டை விட்டிடு" என்றார். கூடப் பிறந்தவர்தான், ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சாள் வயலை உழுவித்து, சேற்றை மட்டம் பண்ணுவித்தாள். விதைநெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி முளைக்க வைத்தாள். விடிந்தால் விதைக்கிற ஆள் வரவேண்டும். விடிந்தும் ஆளைக் காணோம். நான் அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "கதிர்காமு அண்ணை போகவேண்டாமெண்டு சொன்னவர்" என்று தலையைச் சொறிந்தான். நாசமாய்ப் போவான்! அவனை ஏசிவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன்.

முளைத்த நெல் யாருக்காகவும் காத்திருக்காது. இன்னொரு நாள் சாக்கில் கிடந்தால் வேரோடு வேர் பின்னி, எறியவே முடியாமல் போகும். எங்கள் ஊரில் பெண்கள் களை பிடுங்கலாம், கதிர் அறுக்கலாம். விதை எறிவது மட்டும் ஆம்பிளைகளின் வேலை.

மச்சாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். விதைநெல் நிரப்பிய ஓலைக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

வரம்பில் நின்ற பெரியண்ணனுக்குச் சிரிப்பு. "இதென்ன பிள்ளை, இங்கிலிஸ் பாடமே?"

"ஓம் அத்தான், அதேதான். ரேடியோக்காரர் புரோட்காஸ்ட் எண்டு சொல்லுகினமெல்லே? ரேடியோ வர முந்தியே அது வயல் விதைக்கிற வெள்ளைக்காரக் கமக்காரன்ர சொல்லு. புரோட் எண்டால் அகலம், காஸ்ட் எண்டால் எறியிறது. விதையைக் கையால அகல எறியிறதுக்குத்தான் அந்தப் பேர். வருசா வருசம் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறன். நான்தான் இன்னும் எறிஞ்சு பாக்கேல்லை."

சொல் தெரிந்தால் கை வந்துவிடுமா? முதல் பிடி ஒரே இடத்தில் பொத்தென்று விழுந்தது. அடுத்ததும் அப்படியே. பெரியண்ணன் கைதட்டிச் சிரித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரல்களை இளக்கி வீசிப் பார்த்தாள். பிறகு காலை எடுத்துவைக்கிறபோதே கையையும் வீசிப் பார்த்தாள். வெயில் ஏற ஏற நெல் பரவி விழத் தொடங்கியது. நான் கடகத்தை நிரப்பி நிரப்பிக் கொடுத்தேன். பொழுது சாய்கையில் சாக்கு வெறுமையாகிவிட்டது. அவளால் தோளைத் தூக்கவே முடியவில்லை.

பயிர் முளைத்தபோது முதல் எறிந்த துண்டு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மொட்டையுமாய் இருந்தது. "சொன்னனான்தானே" என்றார் பெரியண்ணன். அவள் அடர்ந்த இடத்தில் பிடுங்கி, மொட்டை இடத்தில் நட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வயலுக்குத்தான். நானும் கூட நட்டேன். எனக்கென்ன, அண்ணனுக்குப் பயமா!

கதிர் அறுத்துச் சூடடித்து நெல் குவித்த அன்று பெரியண்ணன் வந்தார். குவியலைச் சுற்றிப் பார்த்தார். குரல் தணிந்திருந்தது.

"சரி பிள்ளை, விளைஞ்சிட்டுது. அடுத்த முறை விதைக்க நானே நல்ல ஆளாய்ப் பிடிச்சுத் தாறன்."

"வேண்டாம் அத்தான்" என்றாள் மச்சாள். சேறு பட்டுக் காய்த்து வெடித்திருந்த வலக்கையை அவருக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். "நீங்கள் மறிக்க ஏலாத ஆள் ஒண்டு என்னட்டை இருக்கு."