நேர்ந்துவிட்ட சேவல்

எங்கள் சந்தில் அந்தச் சேவலிடம் கொத்து வாங்காத ஆள் கிடையாது. பால் பாக்கெட் போடுகிறவர், சிலிண்டர் தூக்கி வருகிறவர், விலாசம் தவறி வந்த கூரியர்காரர் என்று எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்கள்தான். ஜீவனஹள்ளியில் ஒரு ஆட்டோ நுழைந்தாலே அடைத்துக்கொள்ளும் சந்து எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் ஒரு துவைக்கும் கல்லும் ஒரு முருங்கை மரமும் இருக்கிற அளவுக்கு இடம் உண்டு. அங்கே அது வைத்ததுதான் சட்டம். ஊரைக் கொத்தியதெல்லாம் போகட்டும். என் வீட்டுக்காரரைக் கொத்தியதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தபோது ஷூ கடித்து, வலது கால் கட்டைவிரலில் புண் வந்தது. ஷூ கடித்ததும் அவருக்குத் தெரியவில்லை, புண் பெரிதானதும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில், ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். வராந்தாவில் நின்றபடியே நேர்ந்துகொண்டேன். தங்கவயலில் அவர் பிறந்த சுரங்கத்து லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் இருக்கிறாள். தாயே, இந்தக் கால் ஆறினால் வருகிற ஆடிக்கு என் வீட்டில் வளர்த்த சேவலை உனக்குக் கொடுக்கிறேன் என்றேன். கடையில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம், சாமியிடம்கூட.

புண் ஆறியது. மருந்து வேலை செய்தது என்றார் டாக்டர். வெளியே வந்து, அம்மன்தான் என்றேன் நான். "ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க, காலு என்னுது" என்றார் அவர். அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். தீபாவளி முடிந்து சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து ஒரு குஞ்சு வாங்கிவந்தேன்.

என் வீட்டில் வளர்த்தது என்று சாமியிடம் சொன்னேனே தவிர, வளர்த்தது அவர்தான். நான் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் திரும்பி வர ஏழாகிவிடும். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பகலெல்லாம் அவருக்கு அந்தக் குஞ்சுதான் துணை. அதனிடம் அரசியல்கூடப் பேசுவார். பங்குனிக்குள் குஞ்சு பெரிய சேவலாகிவிட்டது, கூடவே குணமும் மாறிவிட்டது. முதல் கொத்து எனக்குத்தான், துணி காயப்போடும்போது குதிகாலில்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். நனைந்துகொண்டே துரத்தியது. முறத்தைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு போனேன். முறத்தைக் கிழித்தது. தரையோடு அழுத்திப் பிடி, தலை தாழ்கிற வரைக்கும் விடாதே, யார் பெரியவர் என்று அதற்குப் புரியும் என்றாள் கம்பெனியில் ஒருத்தி. அழுத்திப் பிடித்தேன். தலையைத் தாழ்த்திச் சாது மாதிரி படுத்திருந்துவிட்டு, கையை எடுத்ததும் முழங்கையில் ஒன்று போட்டது.

தெருமுனைக் கோழிக்கடை பாய் ஒருநாள் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"அக்கா, மூக்கு நுனிய லைட்டா நறுக்கிடலாம். ஒரு நிமிட் வேலை. நகம் வெட்ற மாதிரிதான்."

"இன்னா பாய் பேசற? சாமிக்கு வுட்டது. மூக்கு அறுந்த சேவலை ஆத்தா எதிர்ல எப்படி நிறுத்தறது?"

"அப்போ காலையாச்சும் கட்டுங்க."

கயிறு கட்டினால் காலில் தழும்பு விழும். நேர்ந்துவிட்ட உயிருக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, ஊனமாகக் கூடாது. ஊனமானதைக் கொடுத்தால் கேட்டது திரும்பிப் போய்விடும் என்பார்கள். எனக்கு அதுதான் பயம். ஆறின கால் மறுபடியும் கெட்டுவிட்டால்? பாயைத் திட்டி அனுப்பினேன்.

அதனால் காலையில் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். நான் சந்தைத் தாண்டுவதற்குள் அவர் கல்லை எடுத்துவிடுவார். கேட்டால், "அதையும் கவுத்துட்டுப் போற, என்னையும் கவுத்துட்டுப் போற. ரெண்டும் ஒண்ணா இருந்துட்டுப் போறோம் வுடு" என்பார். "கொத்துதேய்யா" என்றால், "கொத்தட்டுமே. எனக்கு இன்னா வலிக்கவா போவுது?" என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் எதிரிலேயே அவர் பாதத்தைக் குறிவைத்துப் பாய்ந்தது. அவர் காலை இழுத்துக்கொண்டதில் அதன் அலகு துவைக்கும் கல்லில் மோதியது. ஓடிப்போய்ப் பிடித்துத் தூக்கினேன், சேவலை. அலகு உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் அவரைப் பார்த்து, உள்ளே போய் உட்காருய்யா என்று கத்தினேன்.

அதற்கப்புறம் வீட்டிலும் சாக்ஸ் போட ஆரம்பித்தார். குளிருகிறது என்றார். வெயில் காலத்தில் என்ன குளிர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வைகாசியில் வீட்டுக்குள் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று கட்டிலை நகர்த்தி, அரிசி டிரம்மை நகர்த்தி, வீட்டையே கவிழ்த்துத் தேடினேன். அவர் ஒரு மூலையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. சாக்ஸைக் கழற்றினேன். பாதத்தின் மேல் பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். கட்டைவிரல் கறுத்துப்போயிருந்தது. அம்மன் ஆற்றிக் கொடுத்த அதே விரல்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ரத்தத்திலும் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். பதினோராம் நாள் அவர் போய்விட்டார். நடுவில் ஒரே ஒருநாள் நன்றாகப் பேசினார். சேவலுக்கு யார் தீனி போடுகிறார்கள் என்று கேட்டார்.

காரியமெல்லாம் முடிந்து பின்பக்கம் போனேன். துவைக்கும் கல் மேல் நின்றுகொண்டிருந்தது. கழுத்தைத் திருகிவிடலாம் என்று பிடித்தேன். முடியவில்லை. இரக்கம் ஒன்றும் இல்லை. அம்மன் பிடுங்குவதற்கு என்னிடம் இன்னும் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் பயம் மட்டும் போகவில்லை. ஆடி பிறந்ததும் இந்தச் சனியனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று தங்கவயல் பூசாரிக்குப் போன் செய்தேன்.

"சாவு வுழுந்த வூடும்மா. ஒரு வருஷம் போவட்டும். அதுக்குள்ள ஆத்தாளுக்கு எதுவும் செய்யக் கூடாது" என்றார்.

"அதுவரைக்கும் இத இன்னா பண்றது?"

"நேர்ந்தது நேர்ந்ததுதானே. பத்திரமா வெச்சி வளத்துனு இரு."

வளர்க்கிறேன். காலையில் கம்பு இறைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். கொத்தினால் நகர்ந்துகொள்வதில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் காம்பவுண்டு ஓரமாக வந்து நின்றாள். கன்னடக்காரி, ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, மனசுல வெச்சிக்க முடியல. அண்ணன் கால்ல ரத்தம் வந்த அன்னிக்கே நான் பார்த்தேன். உங்ககிட்ட சொல்றேன்னேன். 'ஹேளபேடி, ஹேளபேடி', சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. சொன்னா அக்கா அன்னிக்கே சேவலை எங்கியாச்சும் வுட்டுட்டு வந்துடுவாங்களாம். அப்புறம் வேண்டுதல் நின்னுபோச்சேன்னு அழுதுட்டே இருப்பாங்களாம். ஆடி வரைக்கும்தானே, சமாளிச்சுக்கறேன்னாரு. நானும் வாயை மூடிட்டேன்."

பரவாயில்லைம்மா என்றேன். அவள் மேல் கோபம் வரவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

சொல்லியிருந்தாலும் நான் சேவலை விட்டிருக்க மாட்டேன். மஞ்சளை அரைத்துப் போட்டுத் துணியைச் சுற்றிவிட்டு, ஆடி வரைக்கும் உள்ளேயே கிட என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. சேவலா புருஷனா என்று வந்தால் இவள் என்னைத்தான் பார்ப்பாள் என்று நம்பிக்கொண்டே செத்துப்போனார்.