கோபுரம் போட்ட கடிதம்

கோபுர முத்திரை போட்ட அந்தக் கடிதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், அம்மன் படத்துக்கு இடது பக்கம், கண்ணாடிச் சட்டத்துக்குள் வருஷக்கணக்கில் தொங்கியது. பூசைக்கு வரும் பண்டாரம் அதன் கண்ணாடி மேலும் ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். கும்பிட வந்தவர்கள் அம்மனைக் கும்பிட்ட கையோடு அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மதராஸ் முதன்மந்திரியின் ஆபீசிலிருந்து வந்த கடிதம் அது. அதை வரவழைத்தவர் என் மாமா. என் மனைவியின் அப்பா. பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிற்சங்கத் தலைவர் அவர்தான். அவர் மகள் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் சொன்னதே முடிவு.

சிலோன் சுதந்திரம் அடைந்த கொஞ்ச நாளிலேயே, இந்திய வம்சம் என்று எங்கள் ஓட்டுப் போனது. பிறகு ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்து, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று சாட்சியோடு நிரூபி, கெடு முடிவதற்குள் எழுதிக் கொடு, பிரஜா உரிமை தருவதா இல்லையா என்று பார்க்கிறோம் என்றார்கள். மாமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்கப்பன் வெட்டுன ரோட்டுல காரோட்டிக்கிட்டு வந்து எனக்கே பாரம் குடுக்குறானுகளா?" என்றார். பாரத்தைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக மதராஸ் முதன்மந்திரிக்கு ஒரு மனு எழுதவைத்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கி, பஜார் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

அவர் மனதில் இருந்தது தோட்டத்து வழக்கம்தான். துரையின் பங்களாப் படியில் எங்களில் எவனும் நேராக ஏற முடியாது. ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிதான் அவர்களுக்காகப் போய்ப் பேச வேண்டும். "டெல்லிதான்யா தொரை. முதன்மந்திரி நம்ம பெரிய கங்காணி. நம்ம பாசை பேசுறவரு. அவரு ஒரு வார்த்தை சொன்னா தொரை தட்ட மாட்டாரு." அந்த வழக்கத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு கங்காணியிடம் பேர் பதிந்தவன் இன்னொருவரிடமும் பதிந்தால் இரண்டு பேருமே விரட்டிவிடுவார்கள். அதனால் மாமா காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்ற ஆட்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இங்க பாரம் குடுத்தா அங்க நம்மளக் கைகழுவிருவாங்க. பதில் வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் கைநாட்டு வைக்கக் கூடாது."

கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் அவரைச் சீண்டுவார்கள். "என்ன தலைவரே, மெட்ராஸ் சம்பந்தி எழுதுனாங்களா?" மாமா சளைக்க மாட்டார். "எழுதியிருக்காரு ஆத்தா. பந்தி பரிமாற ஆளில்லயாம், ஒன்னத்தான் அனுப்பச் சொல்றாரு." கொட்டும் மழையிலும் சிரிப்பு மலை முழுக்கக் கேட்கும்.

கெடுவுக்குச் சில நாட்களே இருந்தபோது பதில் வந்தது. இங்கிலீஷ் கடிதம். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். மனு கிடைத்தது, வெளிநாட்டு விஷயம் மாகாண சர்க்காரின் அதிகாரத்தில் இல்லை, மத்திய சர்க்காருக்கு அனுப்பி வைக்கப்படுகிறது. அவ்வளவுதான். கையெழுத்தும் யாரோ ஒரு காரியதரிசியுடையது. "தலைவரே, எங்க கையில இல்லன்னு சொல்றாங்க. இன்னும் நாளிருக்கு, பாரத்த நிரப்பிருவோம்" என்று வாத்தியார் கெஞ்சினார். மாமா கடிதத்தின் தலையிலிருந்த கோபுரத்தைத் தடவிக்கொண்டே, "தொரைக்கு அனுப்பியாச்சுன்னு எழுதியிருக்காருல்ல? கங்காணி வேற என்னய்யா செய்வாரு?" என்றார்.

என் மனைவிதான் வாயைத் திறந்தாள். "கங்காணி பேச்சத் தொரை ஏம்பா கேட்டாரு? ஆளுகளக் கூட்டிக்கிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போயிருவாருங்குற பயம். மெட்ராஸ்காரரு நம்மளக் கூட்டிக்கிட்டு எங்க போவாரு? நம்ம பேரு அவரு பதிவுலயே இல்லயே." அப்பன் அதட்டியதும் அடங்கிவிட்டாள். அப்போது அவள் வயிற்றில் எங்கள் மூத்தவன். மறுநாள் நானும் அவளும் வாத்தியாரிடம் போய்ப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தோம். லயத்தில் வேறு யாரிடமும் சொல்லவில்லை. தலைவரின் மகளே கொடுத்துவிட்டாள் என்று தெரிந்திருந்தால் இன்னும் பத்துப் பேராவது கொடுத்திருப்பார்கள். அந்தப் பாரம் என்னை விட்டு இறங்கவே இல்லை.

கெடு முடிந்தது. விசாரணை, சாட்சி என்று வருஷங்கள் இழுத்து எங்களுக்குப் பிரஜா உரிமைக் கடதாசி வந்த அன்று மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். "என் தலைக்கு மேலயே ஏறிப் போயிட்டீங்களே, மாப்புள்ள" என்றார். உள்ளே வரவில்லை. அவர் பேச்சைக் கேட்டு நின்றவர்களோ எந்தப் பதிவிலும் இல்லாமல் போனார்கள். கினிகத்தேனையில் ஒரு துண்டு நிலம் வாங்கிக் கடை போடப் போன ஒருவன், நீ பிரஜை இல்லை என்று கேட்டுத் திரும்பி வந்தான். டெல்லியிலிருந்து எதுவும் வரவில்லை. சம்பந்தி எழுதினாரா என்று மாமாவை இப்போது யாரும் கேட்கவில்லை. அந்தக் கேலி நின்றுபோனதுதான் அவரைத் தின்றது.

பிறகு ஒருநாள் இந்தியா, சிலோன் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்த சேதியை பஜார் தேத்தண்ணிக் கடை ரேடியோ சொன்னது. இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. மாமா கையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தார். "தொரமாரு ரெண்டு பேரும் ஒக்காந்து ஆளுகளப் பிரிச்சுக்கிட்டாங்களா? கங்காணியக் கூப்புடலியா?" கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

லயத்து ஆட்களோடு அவரும் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார். எங்களோடு இருந்துவிடுங்கள் என்று மகள் அழுதாள். "என் சொல்லுக்கு நின்னவங்க போறாங்க. நான் மட்டும் இங்க ஒன் கையால கஞ்சி குடிக்கவா?" புறப்படுவதற்கு முந்தின நாள் கோயிலில் இருந்து சட்டத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். "நான் அங்கதான போறேன். எனக்கெதுக்கு இது." அட்டன் ஸ்டேஷனில் ரயில் நகரும்வரை அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. முதன்மந்திரி ஆபீஸ் வாசல்வரை போனாராம். எந்த ஊர் என்று கேட்டார்களாம். சிலோன் என்றாராம். அதெல்லாம் டெல்லி விஷயம், அங்கே எழுதிப் போடு என்றார்களாம்.

இப்போது எங்கள் மாகாணத்துக்கும் ஒரு முதலமைச்சர் இருக்கிறார். அவருக்கு மனு எழுதித் தரச் சொல்லி லயத்துப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். "உங்க பேரெல்லாம் ஓட்டுப் பதிவுல இருக்கா?" என்று முதலில் கேட்கிறேன். கிழவனுக்கு வேறு கேள்வியே தெரியாது என்று சிரிக்கிறார்கள். அவர்கள் உட்காரும் நாற்காலிக்கு மேலேதான் அந்தச் சட்டம் தொங்குகிறது. மலை ஈரத்தில் எழுத்தெல்லாம் ஊறி அழிந்துவிட்டது. கோபுரம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி மேல் பண்டாரம் கடைசியாக வைத்த பொட்டு கறுத்துக் காய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் என் மனைவி கண்ணாடியைத் துடைப்பாள். அந்தப் பொட்டை மட்டும் சுற்றிவிட்டுத் துடைப்பாள்.