அமைதிக்கு ஒரு லேகியம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அப்படிப்பட்டவளை எழுபதுகளின் கடைசியில் மதுரையில் வெளியூர் போன்களை இணைத்துவிடும் டிரங்க் கால் ஆபரேட்டராக உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒரே வருஷத்தில் என் மேல் இரண்டு புகார். இரண்டையும் எழுதியவர் ஒருவரே, சோழவந்தான் வெற்றிலை வியாபாரி. பம்பாய்க்கு ஒரு கால் பதிவு செய்துவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு, "லைன் கெடச்சுருச்சா?" என்பார். கிடைத்தால் நானே கூப்பிட மாட்டேனா? இதை நான் அவரிடம் கேட்ட விதம்தான் புகாராகப் போனது.

எங்கள் சூப்பர்வைசர் அம்மாள் கூப்பிட்டு, "இன்னும் ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சுன்னா நீ பெர்மனன்ட் ஆகுறதை மறந்துரு" என்றார். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. நிஜமாகவே பயந்து போனேன்.

அன்று சாயங்காலமே கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் நிதானமாக, "எதுக்கும்மா? தெம்புக்கா, அமைதிக்கா?" என்றார்.

"ரெண்டும் வேணும்ணே. எட்டு மணி நேரம் கத்தணும், ஆனா கோவப்படக் கூடாது."

வல்லாரைப் பொடியை எடுத்தார். அது ஞாபகசக்திக்கு என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். யார் யார் என்னை என்னென்ன சொன்னார்கள் என்பது வரிக்கு வரி நினைவில் இருந்ததுதானே என் வியாதி! கடைசியில் அமுக்கரா லேகியம் வந்தது. உடம்புக்குத் தெம்பு, மனசுக்கு அமைதி, இரண்டும் ஒரே டப்பாவில். ஆசையாக வாங்கிக்கொண்டு படி இறங்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார்:

"பத்தியம் உண்டும்மா. புளி, கத்தரிக்கா, மொச்சை, காப்பி, நாலும் ஆகாது."

மருந்து பாதி, பத்தியம் பாதி என்பார்கள். எனக்கோ காபிதான் முக்கால்வாசி. ஆனாலும் வேலை போய்விடுமே! தினமும் இரண்டு வேளை, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி விழுங்கினேன்.

முதல் நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி. இரண்டாம் நாள் பசுமலை பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை. பாவம், அந்த மனுஷன் டிக்கெட் மட்டும்தான் கேட்டார். வீட்டில் புளி இல்லாமல் ரசம் வைத்த அம்மாவுக்கும் திட்டு கிடைத்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் சோழவந்தான்காரர் ஏழாவது தடவையாகக் கூப்பிட்டார். "லைன் கெடச்சுருச்சா? இங்க வெத்தல அழுகுது!"

"அழுகட்டும்ணே!" என்று கத்திவிட்டேன். "நான் மூணு நாளாக் காப்பி குடிக்கல. உங்களைத் திட்டக் கூடாதுன்னு லேகியம் திங்கிறேன், தெரியுமா?"

என் வேலை போயிற்று என்று முடிவு கட்டினேன். அவரோ தணிந்த குரலில் கேட்டார்.

"என்ன லேகியம் தாயி?"

"அமுக்கரா."

"கீழமாசி வீதிக் கடையா?"

"ஆமாண்ணே."

"அடக் கொடுமையே! நானும் அஞ்சு நாளா அதைத்தானே திங்கிறேன். டிரங்க் காலுக்குக் காத்துக் கெடந்தே எனக்குப் பிரஷர் ஏறிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. காப்பியில்லாம எம்புட்டு எரிச்சலா வருது! நேத்துப் பொண்டாட்டி சோத்துத் தட்டை வெடுக்குன்னு புடுங்கிட்டுப் போயிட்டா." சற்று யோசித்தவர், "ஒண்ணு செய்வோம். நீயும் போய் ஒரு காப்பி குடி, நானும் குடிச்சுட்டு வாரேன். அப்பறமா லைனப் போடு" என்றார்.

சிரித்துக்கொண்டே திரும்பினால், பின்னால் சூப்பர்வைசர் அம்மாள். காதில் ஹெட்போன். முழுவதையும் கேட்டிருக்கிறார்!

"அவர் கம்ப்ளெயிண்ட் எழுதப் போறதில்ல. ஆனா இனிமே அந்த லேகியத்தைத் தின்னுட்டு இந்த ரூமுக்குள்ள வராதே" என்றார். பிறகு டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினார். என் பெர்மனன்ட் ஆர்டர். கையெழுத்தாகிப் பத்து நாள் ஆகியிருந்தது.

"அப்பவே வந்துருச்சு. கொஞ்ச நாளாவது நீ அடங்கியிருக்கட்டுமேன்னு நான்தான் உள்ள வச்சிருந்தேன்."

காபியில்லாத மூன்று நாளும் கண்முன் வந்து நின்றன. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய கோபத்தை அப்படியே விழுங்கிவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றேன். அந்த மருந்து எனக்கு வேலை செய்தது அந்த ஒரு நிமிஷம்தான்.