முப்பதாம் இலக்கப் பெண்

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் அக்கா. போனவள் சும்மா இருக்காமல் இனம், குடும்பம், கல்வி, சமூக நீதி என்று நான்கு பெரிய சொற்களைச் சேர்த்துத் தலைப்பு வைத்த ஓர் ஆய்வோடு எங்கள் ஊரான உடையார்கட்டுக்குத் திரும்பி வந்தாள். முப்பது பெண்கள் பெயர் போடாமல், தங்கள் கைப்பட வினாக்கொத்தை நிரப்பித் தரவேண்டும். வீடு வீடாகக் கொடுத்து வாங்குவது ஐந்தாம் தரத்தில் படித்த என் வேலை.

எங்கள் ஊரில் படிவம் வந்தால் பின்னால் ஏதாவது உதவியும் வரும். கோழிக்குஞ்சா, தையல் மெஷினா என்று கேட்டவர்களிடம் இரண்டும்தான் என்று சொல்லிவைத்தேன். இருபத்தொன்பது படிவங்கள் மளமளவென்று வந்துவிட்டன. முப்பதாவதைக் கரையில் வைத்துவிட்டு வாய்க்காலில் குளித்தேன். ஏறிப் பார்த்தபோது அது தண்ணீரோடு போயிருந்தது.

நல்லவேளையாக, தனக்கொன்றும் தெரியாதென்று அம்மா வாங்க மறுத்த படிவம் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. அதை நானே நிரப்பினேன். பதிலுக்கு எங்கே போவது? அம்மா குசினியில் நாள் முழுக்கத் தனக்குத்தானே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். சட்டி பானைச் சத்தம்போல அதுவும் ஒரு சத்தம் என்றே நினைத்திருந்தேன். ஞாபகம் இருந்ததையெல்லாம் எழுதி, வயது அறுபத்திரண்டு என்று போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வாடகை வான் பிடித்து வந்து இறங்கினார். முப்பதாம் இலக்கத்தை வாசித்ததிலிருந்து அவருக்கு நித்திரை இல்லையாம். கையெழுத்தைப் பார்த்தாலே படிக்க வழியில்லாமற் போனவர் என்று தெரிகிறதாம். அந்த அம்மாவை நேரில் பார்க்கவேண்டுமாம்.

அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

“முப்பதாவது ஆருடைய வீடு?”

“அவா செத்துப்போனா.”

“எப்ப?”

“நேற்று.”

நேற்று ஊரில் செத்தவீடே இல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அக்கா அடிக்கவில்லை, கிணற்றுக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்று பொய்யென்று தெரிந்தால் ஆய்வு முழுவதையும் தூக்கி எறிந்துவிடுவார்கள், பட்டமும் கிடைக்காது என்றாள்.

நாங்கள் உள்ளே வந்தபோது, ஆளை அடையாளம் காட்டுவாரோ என்று விரிவுரையாளர் அப்பாவுக்குப் படிவத்தை வாசித்துக்கொண்டிருந்தார். “ஆமிக்காரன் சிங்களத்தில கேள்வி கேட்டான். அரசாங்கக் கந்தோரில தமிழில கேட்டினம், வீட்டிலயும் தமிழிலதான். மறுமொழியை மட்டும் ஒருத்தரும் நிண்டு கேக்கேல்லை.” சமூக நீதி என்றால் என்ன என்ற கேள்விக்கு, “கடைசியாச் சாப்பிடுறவளுக்கும் சட்டியில ஒரு துண்டு மீன் கிடக்கிறது.”

யாரோ பெரிய வாய்க்காரி, இந்தப் பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்று அப்பா உறுதியாகச் சொன்னார்.

தேத்தண்ணியோடு நின்ற அம்மா தட்டை மேசையில் வைத்தார். வெறுமையாக இருந்த கதிரையில் உட்கார்ந்தார். விருந்தாளிகளுக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அது நான்தான், மிஸ்.”

விரிவுரையாளர் படிவத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்பது. இதில் அறுபத்திரண்டு என்று இருக்கிறதே என்றார்.

“எனக்கு அப்பிடித்தான் கிடக்கு” என்றார் அம்மா.

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. எட்டாம் வகுப்பில் இடம்பெயர்ந்ததையும், திரும்பப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது வீட்டில் இருந்த ஒரேயொரு சைக்கிள் மாமாவுக்குப் போனதையும் சொன்னார். சொல்லும்போது அழுதார். சோறு அடிப்பிடித்து மணந்தது. ஒருவரும் அசையாததால் அப்பாவே குசினிக்குப் போய், அகப்பை எங்கே என்று இரண்டு தரம் கேட்டார்.

அக்காவின் ஆய்வு தப்பியது. வான் போனபின் எனக்கு அம்மாமேல் பெருமை தாங்கவில்லை. எங்களுக்காக, அதுவும் ஒரு விரிவுரையாளரின் முகத்தைப் பார்த்து, இவ்வளவு நேரம் யார் பொய் சொல்லுவார்கள்? ஓடிப்போய், “நல்லா நடிச்சனீங்கள் அம்மா, அழுததுகூட உண்மைமாதிரியே இருந்தது” என்றேன்.

அம்மா இன்னும் ஈரம் காயாத முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்தார். பிறகு “ஓம்” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது, விளையாடப் போய்விட்டேன்.